அடிபம்பு வரைக்கும் ஒரு தெரு

ஒரு முழுத் தெருவை ஐந்து வருடம் எங்கள் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, என் மார்க் ஷீட்டுகளோடு, ஒரு பெரிய பிளாப்பியில். அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பி அப்பளம் மாதிரி வளையும். நடுவில் வட்டமாக ஓட்டை, அதற்குக் கீழே நீளமாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக உள்ளே சுழலும் கறுப்புத் தகடு தெரியும். மேலே ஸ்கெட்ச் பேனாவால் ‘தண்ணி லாரி’ என்று எழுதியிருந்தேன். அது நானும் என்னோடு கோர்ஸ் படித்த ஒருத்தியும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. உலகத்திலேயே ஒரு பிரதிதான், அதுவும் என் பொறுப்பில். என்னிடம் போய்க் கொடுத்தாளே என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

நான் பொறுமைசாலி இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். சாப்பாட்டில் ரசத்துக்கு வருவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவேன். மாட வீதியில் தேர் வந்தால் எல்லோரும் தேரைப் பார்ப்பார்கள், நான் அது எப்போது திரும்பும் என்று முனையைப் பார்ப்பேன். ஒரு பொருளைப் பாதுகாப்பது என்பது சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

தொண்ணூறுகளின் ஆரம்பம். தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஆறு மாதக் கோர்ஸ். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஏசி அறைக்குள் போகும்போது எல்லோருக்கும் சந்நிதிக்குள் நுழைகிற முகம் வந்துவிடும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்த சென்டரைத் தினமும் காலையில் பெருக்கித் துடைக்கிறவள். பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தால் கோர்ஸும் சும்மா படிக்கலாம் என்று சென்டர்காரர் சொல்லியிருந்தார். அடையாற்றங்கரையில் குடிசைப் பகுதியில் அவள் வீடு. வயது என் வயதுதான். முதல் நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “இன்னா மாமி, கொஞ்சம் தள்ளிக் குந்து” என்றாள். அன்றிலிருந்து நான் மாமி.

கடைசி மாதம் ஒவ்வொரு ஜோடியும் ஒரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சம்பளப் பட்டியல், நூலகப் பட்டியல் என்று உருப்படியாக ஏதோ எழுதினார்கள். எனக்குப் பட்டியல் என்றாலே தூக்கம் வரும். அந்தக் கோடையில் மெட்ராஸில் தண்ணீர் இல்லை. அவள் தினமும் குடம் தூக்கிய தோளைத் தடவிக்கொண்டேதான் வந்து உட்காருவாள். “லாரி வந்தா ஓடணும், குடத்தைக் கொட்டாமத் திரும்பணும். இதையே ஒரு ஆட்டமாப் பண்ணிடலாமா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். “உனுக்கு ஆட்டம் மாமி, எங்குளுக்கு அதான் பொயப்பு” என்றாள். ஆனால் மறுநாளே தன் தெருவை வரைந்து எடுத்துவந்துவிட்டாள்.

குப்பைக் கூடையில் கிடந்த பிரிண்ட் அவுட் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்திருந்தாள். மேலே மெயின் ரோடு, கீழே ஆறு. நடுவில் வரிசையாக வீடுகள், டீக்கடை, அம்மன் கோயில், உடைந்த சுவர், அடிபம்பு. அதை நான் வரி வரியாக எழுத்துகளாக மாற்றினேன். அந்த மெஷினில் படம் எல்லாம் வராது. வீட்டுக்கு ஒரு கட்டக் குறி, கோயிலுக்கு ஒரு குறி, குடத்துக்கு இங்கிலீஷ் ‘யு’ எழுத்து. பார்க்கக் குடம் மாதிரியேதான் இருந்தது.

நான் தட்டத் தட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள். “லாரி அங்க நிக்காது மாமி. டீக்கடையாண்டதான் நிக்கும். டிரைவரு டீ குட்சாத்தான் கொயாயத் தொறப்பான்.” சரி என்று லாரியை டீக்கடை எதிரே பத்து எண்ணும் வரை சும்மா நிற்க வைத்தேன். “நாயி எங்க? நாயி இல்லாத தெரு இன்னா தெரு?” நாயும் வந்தது. நாய் குறுக்கே வந்தால் குடம் கொட்டிவிடும். முதல் தடவை அது ஓடியபோது எங்கள் பின்னால் மொத்த வகுப்பும் நின்றது. எல்லோரும் குடத்தைக் கொட்டினார்கள். அவள் மட்டும் கொட்டவில்லை.

நடுவில் ஒருநாள் மதியம் தெருவை நேரில் பார்க்க அவளோடு போனேன். டீக்கடை, கோயில், சுவர் எல்லாம் அவள் வரைந்த வரிசையிலேயே இருந்தன. அடிபம்பு வரை போனோம். அதற்கு மேல் சேறு, ஆற்று நாற்றம். “வா மாமி, அதோ மூணாவது ஊடுதான். ஒரு வாய் டீ குட்சிட்டுப் போலாம்” என்றாள். மணியாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

கோர்ஸ் முடிந்தது. சென்டரில் அடுத்த பேட்சுக்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பிளாப்பியை அவளிடம் நீட்டினேன். “நீயே வெச்சிக்க மாமி. எங்கூட்ல மய பேஞ்சா எல்லாம் நனஞ்சி பூடும். உங்கூடு மாடி வூடுதானே” என்றாள். இப்படித்தான் அந்தத் தெரு எங்கள் பீரோவுக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தக் கரையில் இருந்தவர்களை எல்லாம் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அடடா என்று நினைத்தேன். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

தொண்ணூற்றேழு. நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மாவோடு தி.நகருக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் கையில் கத்தரிக்கோலோடு அவள் நின்றாள். கடை யூனிபார்ம் புடவையில் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னா மாமி, இன்னும் கல்யாணம் ஆவலியா?”

“உனக்கு?”

“ஆயி, பொண்ணு கீது. நாலு வயசு.” துணியை அளந்துகொண்டே பேசினாள். சூப்பர்வைசர் பார்த்தால் திட்டு விழும். சட்டென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “மாமி, தண்ணி லாரி கீதா?”

“இருக்கு. பத்திரமா இருக்கு.”

“எங்கள அங்கேர்ந்து தூக்குனப்ப ஒரு போட்டோ கூட எடுக்கல மாமி. எம் பொண்ணு கேட்டுக்கினே கீது, நீ எங்கம்மா பொறந்தே, எங்க வெள்ளாடினேன்னு. இட்டுக்கினு போய்க் காட்டலாம்னு போனா அங்க மதிலும் புல்லும்தான் கீது. எங்க தெரு இப்ப அந்த ஆட்டத்துலதான் கீது. ஒரே ஒரு தபா அத்த அதுக்குக் காட்டணும்.”

“ஒரு வாரத்துல கொண்டுவரேன்” என்றேன். என் வாய் அப்படி.

மயிலாப்பூருக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த விஷயம் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் இருபத்தைந்து வரிதான். மேலே ஒரு வரி எத்தனை குடம் என்று காட்ட, கீழே ஒரு வரி ‘குடம் கொட்டிவிட்டது’ என்று சொல்ல. மிச்சம் இருபத்து மூன்று. அவள் வரைந்த தெரு இருபத்தாறு வரி. அன்றைக்கு நான் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்து, அடிபம்பில் இருபத்து மூன்று முடிந்ததும் கையை எடுத்துவிட்டேன். கீழே இருந்த மூன்று வரியை யோசிக்கக்கூட இல்லை. அங்கேதான் அவள் வீடு. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கவனித்திருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தை கேட்கப்போவது அவள் வீட்டைத்தான், அது அந்த விளையாட்டில் இல்லவே இல்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன், உட்கார முடியவில்லை.

அப்படியும் தேட ஆரம்பித்தேன். என் ஆபீஸ் அடையாறில். அங்கே எல்லா மெஷினிலும் சின்ன பிளாப்பிக்குத்தான் வழி. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர் என் பிளாப்பியை விசிறி மாதிரி ஆட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இத மியூசியத்துல குடுங்க” என்றார். பழைய சென்டருக்குப் போனேன், அது நகைக்கடையின் குடோன் ஆகியிருந்தது. அசோக் நகரில் மெஷின் பூட்டித் தருகிறவரிடம் போனேன். பெரிய பிளாப்பி டிரைவா, அதெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சு என்றார். ஆதம்பாக்கத்தில் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். இருந்தது. உள்ளே பல்லி முட்டை இருந்தது.

ஐந்தே வருடம். ஐந்து வருடத்துக்கு முன் ஊர் முழுக்க இருந்த ஒரு பொருள், இப்போது ஒரு நாலு பக்கப் புரோகிராமைப் படிக்கக்கூட ஒன்று கிடைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஒரு வாரம் என்று சொன்னது நாலு வாரம் ஆனது. பாண்டி பஜார் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன்.

சரஸ்வதி பூஜை அன்று காலை அம்மா என் ஜாதகத்தை எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ பெண் கேட்டிருந்தார்கள். குளத்தங்கரையில் கம்ப்யூட்டர் ஜோசியம் பார்க்கும் மாமா அச்சடித்துக் கொடுத்த ஜாதகம். அந்தப் புள்ளிப் புள்ளி எழுத்துகளைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் அந்த மாமா என் பிறந்த நேரத்தைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு பிளாப்பியைச் சொருகினார். பெரிய பிளாப்பி. செருப்பைப் போட்டுக்கொண்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை, ஓடினேன்.

அவர் கடைக்குள் மெஷின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. திரையின் மேல் மாலை, பிரிண்டரின் நெற்றியில் குங்குமம்.

“சரஸ்வதி பூஜையும் அதுவுமா மெஷினைத் தொடச் சொல்றியேம்மா” என்றார். “பூஜையில வெச்சாச்சு. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனதும் வா. ஆனா பத்தரைக்குள்ள வந்துடு. விஜயதசமி, புது மெஷின் ஆரம்பிக்கறேன். பழசை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துண்டு போயிடுவான்.”

அவரிடம் சின்ன பிளாப்பிக்கு வழியில்லை. ஆனால் பிரிண்டர் இருந்தது. நாங்கள் எழுதியதை அச்சடித்துக்கொண்டால் போதும், அதைப் பார்த்து ஆபீஸில் திரும்பத் தட்டிக்கொள்ளலாம். தெருமுனை பூத்திலிருந்து துணிக்கடைக்கு போன் போட்டு அவளை நாளைக் காலை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பண்டிகை நேரத்தில் லீவு தரமாட்டார்கள், இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து பிளாப்பியை மேஜைமேல் வைத்தேன். அம்மா கண்டதையும் எடுத்து எங்கேயாவது செருகிவிடுவாள் என்று பயந்து கொஞ்சம் மிகையாகவே சொன்னேன். “அம்மா, இதை ஜாக்கிரதையாப் பாத்துக்கோ. என் படிப்பே இதுலதான் இருக்கு.” பிறகு காபிப்பொடி வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பூஜை ஆகிவிட்டது. பலகையில் புத்தகங்கள் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, அம்மா பூ வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, நட்டநடுவில், என் பிளாப்பி. காகித உறையைக் கழற்றியிருந்தாள். உறை மேல் எப்படி இடுவது? கல்லில் இழைத்த சந்தனத்தைத் தளர்வாக எடுத்து, அந்த நீள ஜன்னலில், கறுப்புத் தகடு பளபளவென்று தெரிகிற சரியான இடத்தில் வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டிருந்தாள். வழிந்த சந்தனம் ஜன்னலுக்குள்ளே இறங்கியிருந்தது.

நான் கத்திய கத்தல் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா அப்படியே நின்றாள்.

“நீதானேடி சொன்னே, என் படிப்பே இதுலதான் இருக்குன்னு. சரஸ்வதி பூஜை அன்னிக்கு நம்மாத்துல படிக்கற சாமானை வெறுமனேயா வெப்பா?”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கத்தி முடித்து மொட்டை மாடிக்குப் போய் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிளாப்பி கெட்டுவிட்டால் அதில் அவள் வீடு இல்லை என்பது யாருக்கும் தெரியாது. அம்மா செய்த தப்பாகப் போய்விடும். ஒரு ஐந்து நிமிஷம் அந்த நிம்மதியோடு நின்றேன். பிறகு என்மேலேயே அருவருப்பாக வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது, ஆகவே அன்று முழுக்க அது கண்ணெதிரே காய்ந்துகொண்டு இருந்தது. நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

விஜயதசமி காலை எட்டேகாலுக்கு அவள் வந்தாள். ஆறு மாதம் ஒட்டி உட்கார்ந்து படித்தவள், அன்றுதான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வருகிறாள். அதுவரை நான் கூப்பிட்டதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் வருகிற மாதிரி வந்தாள். பிளாப்பியைக் கையில் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான்தாம்மா தெரியாமப் பண்ணிட்டேன்” என்றாள் அம்மா.

“இன்னா பண்ணீங்கோ? சாமிக்குத்தானே வெச்சீங்கோ.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இத்த கய்விடலாம் மாமி.”

“கழுவறதா? பிளாப்பியையா?”

“சென்டர்ல காபி கொட்ன பிளாப்பிய சார் இப்டித்தான் கய்வுனாரு. துணி வெட்ற கத்திரி கீதா? வேற பிளாப்பி ஒண்ணு வேணும், அது பூனாலும் பர்வால்ல.”

பீரோவில் என் பயிற்சிப் பாடங்கள் இருந்த இன்னொரு பிளாப்பி கிடந்தது. இரண்டின் மேல் விளிம்பையும் அவள் கத்தரித்தாள். ஜாக்கெட் பிட் வெட்டும் கை, இழுக்காமல் நேராகப் போனது. உள்ளேயிருந்த கறுப்புத் தகட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தாள். நான் குழாயைத் திறக்கப் போனேன். “போரு தண்ணி வாணாம், உப்பு பூத்துக்கும். லாரித் தண்ணி கீதா?” என்றாள். குடிக்கப் பிடித்துவைத்திருந்த லாரித் தண்ணீரை அம்மா பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, அவள் விரல் நுனியால் சந்தனத்தைக் கரைத்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தோம். ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. நான் மணியைப் பார்த்தேன். “நீ கொஞ்சம் சொம்மா குந்து மாமி” என்றாள். காய்ந்த தகட்டை மற்ற பிளாப்பியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சொருகினபோது ஒன்பதரை.

ஜோசியர் மாமாவின் கடை வாசலில் எக்ஸ்சேஞ்ச் ஆள் ஏற்கெனவே ஆட்டோவோடு வந்து நின்றிருந்தான். பிளாப்பியைச் சொருகி, டிரைவின் சின்னக் கதவை மூடினேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை, திரும்பப் பார்க்கட்டுமா என்று மெஷின் கேட்டது. பார் என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி பார் என்றேன். பதினைந்து தடவையாவது இருக்கும். என் விரல் அந்த விசையிலேயே இருந்தது. மாமா புது மெஷினுக்குக் கற்பூரம் ஏற்றத் தட்டை எடுத்துவிட்டார். அப்போதுதான் பிரிண்டர் கிறீச்சென்று ஆரம்பித்தது.

தலையில் பிள்ளையார் சுழியும் மஞ்சள் பார்டரும் போட்ட ஜாதகத் தாளில் எங்கள் விளையாட்டு வரி வரியாக வந்தது. லாரி எப்படி நகரும், நாய் எப்போது வரும், குடம் எப்போது கொட்டும். பிறகு தெரு. மெயின் ரோடு வந்தது, டீக்கடை வந்தது. அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டே இருந்தாள். கோயிலுக்கு அப்புறம் எழுத்துகள் கிறுக்கலாக மாறின. எட்டு வரி வெறும் கிறுக்கல், கழுவியும் சந்தனம் விடாத இடம். பிறகு உடைந்த சுவரின் முனையும் அடிபம்பும் சரியாக வந்தன. முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் ஆள் வந்து ஒயரைப் பிடுங்கினான்.

“எட்டு வரி போச்சு” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

“எங்க போச்சு? எனுக்குத் தெரியாதா?” மாமாவின் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக, கிறுக்கலுக்குப் பக்கத்தில், உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். இஸ்திரிக்காரர் ஊடு, பால்காரம்மா ஊடு, சந்து, மாடு கட்ற எடம். ஒரு இடத்தில் யோசித்தாள், ஒரு கட்டத்தை அழித்து ஒரு எழுத்து தள்ளிப் போட்டாள். எட்டு வரியும் நிரம்பின. அடிபம்பு வரை வந்து பென்சில் நின்றது.

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. “உன் வீடு இதுல இல்லை. இடம் பத்தலைன்னு கடைசி மூணு வரியை நான் அன்னிக்கு விட்டுட்டேன். உன்கிட்ட சொல்லவும் இல்லை.”

அவள் தாளிலிருந்து நிமிரவில்லை.

“தெரியும் மாமி. பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தேன்.”

“அப்போ ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“நீ அடிபம்பு வரிக்கும்தானே வந்தே. அதுக்கு அந்தாண்ட கீறது உனுக்கு எப்டித் தெரியும்?” குரலில் கோபம் எதுவும் இல்லை, வழி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “அடிபம்பு இருந்தாப் போதும்னுதான் கேட்டேன். பொண்ணு கேட்டா, இஸ்கிரீனுக்குக் கீய டேபிள் மேல வெரல வெச்சி, இங்கேர்ந்து மூணாவது ஊடுன்னு காட்டிருப்பேன்.”

மடிப்பு மடிப்பாக வந்திருந்த தாளில் அச்சாகாத பக்கம் ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். “எழுது” என்றேன். மூன்று வரி எழுதினாள். கடைசி வரியில் ஒரு கட்டம், அதன் வாசலில் ஒரு குடம்.

அடுத்த இரண்டு வாரம் ஆபீஸில் மதிய உணவு நேரத்தில் அத்தனையையும் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை அவசரப்படாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, அவசரமாகத்தான் செய்தேன், ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. இருபத்தாறு வரி திரையில் அடங்காது. கடைசி வரிகள் கீழே வர வர, மேலே குடம் எண்ணிக்கை காட்டுகிற வரி ஏறி ஏறி மறைந்துபோகும், மெயின் ரோடும் கொஞ்சம் போகும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் குழந்தையை ஆபீஸுக்குக் கூட்டிவந்தாள். ஆபீஸில் நாங்கள் மூன்று பேர்தான். தெரு மேலிருந்து கீழே இறங்கி வந்தது. அவள் பழைய எண்ணத்தில் விரலை மேஜைமேல் வைத்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே திரையில் தூக்கி வைத்தாள். “இதான் நம்ம ஊடு.” குழந்தை அந்தக் கட்டத்தை முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

“நீங்கோ எங்கூட்டுக்கு வந்துகிறீங்களா?”

“இல்லம்மா. அடிபம்பு வரைக்கும்தான் வந்தேன்.”

“ஏன்?”

குழந்தையின் அம்மா திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.